அருவியில் ஊறிய விரல்கள்

பாவூர்சத்திரம் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இசக்கியம்மாள் அக்காவின் தம்பி மகன் முருகேசன். "சித்தி, அத்தை காலையில எந்திரிக்கல" என்றார். தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார். அக்காவுக்கும் சேர்த்து வாங்கிய கத்தரிக்காய் என் பையில் இருந்தது.

நம் ஓய்வூதியர் சங்கத்தில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால், "சுருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, பாதிப்பேருக்குச் சுகர் மாத்திரை போடணும்" என்று உட்கார வைத்துவிடுவார். திட்டு வாங்காத ஆள் நம்மில் யார்?

நான் தபால் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ஓய்வுபெற்ற மறு திங்கட்கிழமை, பழக்கதோஷத்தில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டேன். பால் வாங்கி வந்த எதிர்வீட்டு இசக்கியம்மாள் அக்கா பார்த்துவிட்டார். "ஏட்டி, எங்க கிளம்பிட்ட?" என் கையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்தார். "புளியோதரையா? வா, குத்தாலத்துல போயித் தின்னுருவோம்." அன்று தொடங்கியதுதான். அருவியில் தண்ணீர் விழுந்தால் வாரம் ஒருநாள் குளியல் என்றானது.

கணவர் இறந்தபின் நான் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேன். சிலிண்டர் மாற்றப் பயம், போனில் வரும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்தாலும் பயம். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், "வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மருமகள் தங்கமானவள்தான். ஆனாலும் அங்கே நான் விருந்தாளி. இங்கே இருக்கவும் முடியவில்லை, போகவும் மனமில்லை.

அப்படியொரு நவம்பரில் நாங்கள் இருவரும் அருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு, ஓய்வூதியத்துக்காக, உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க நேரே தென்காசியில் ஒரு கணினி மையத்துக்குப் போனோம். கைரேகை இயந்திரத்தில் ஒவ்வொரு விரலாக வைத்தேன். எந்த விரலையும் அது ஏற்கவில்லை. "ரேகை சேரலியே மேடம்" என்றாள் அங்கிருந்த பெண். "ஒரு விரலைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல. பேசாம மகன்கிட்டயே போயிருதேன்க்கா" என்று எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அக்கா என்னை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தார். அவருக்கும் சேரவில்லை. சுருங்கிப்போயிருந்த என் விரல்களைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "ஒரு மணிநேரம் அருவியில ஊறிட்டு வந்து ரேகையக் கேட்டா அது எங்கன இருக்கும்? எனக்குந்தான் சேரல, நான் என்ன அழுதேனா?" டீக்கடையில் உட்கார்த்தி, வடை வாங்கிக் கொடுத்து, என் விரல்களைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். திரும்பிப் போனபோது முதல் விரலிலேயே சேர்ந்துவிட்டது. "எனக்கு நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். அன்று மாலை மகனிடம், இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னேன்.

அக்காவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனவர்கள் திரும்பியபிறகு, வந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முருகேசன் என்னைப் புரியாமல் பார்த்தார். "அத்தைக்கு ரேகையே விழாதே சித்தி. ஆஸ்பத்திரியில மருந்துத் தண்ணியில கழுவிக் கழுவித் தேஞ்சுபோச்சு. வருசா வருசம் நான்தான அவங்கள பைக்ல கருவூலத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். நேர்ல போயி நின்னுதான் கையெழுத்துப் போடுவாங்க."

அப்படியானால் சேராது என்று தெரிந்தேதான் அன்று விரலை வைத்திருக்கிறார். நான் மட்டும் தோற்றவளாக நிற்கக் கூடாது என்பதற்காக. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் எனக்குக் கொடுத்தது. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

மகன் மறுபடி கேட்டான்: "இனி அங்க யாரும்மா இருக்கா?"

"நான் இருக்கேன்லா" என்றேன்.

சங்கத்து நண்பர்களே, நவம்பரில் யாருக்காவது ரேகை சேராமல் போனால் கூச்சப்படாமல் என்னைக் கூப்பிடுங்கள். கூட வந்து நிற்கிறேன்.