யானை காவல் இருந்த கூடை

குழந்தை பராமரிப்புப் பயிற்சியில் என்னோடு படித்தவர்களில் அவளுக்குத்தான் முதலில் பட்டப்பெயர் விழுந்தது: சட்டாம்பிள்ளை. நாற்காலிகளை வரிசையாகத் தள்ளி வைக்காமல் யாரையும் வகுப்பை விட்டு வெளியே போக விடமாட்டாள். தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பிள்ளை பார்க்கும் வேலையில் நல்ல பேர் எடுத்தவள். ஒரே ஒரு வீட்டைத்தான் பாதியில் விட்டாள். சாயங்காலம் கிளம்பும்போது அந்த வீட்டுக்காரர் அவள் கைப்பையைத் திறந்து பார்த்தார். மறுநாளிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அடுத்துச் சேர்ந்தது மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அம்மா இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அப்பா பெரும்பாலும் வெளியூரில். நாலு வயதில் ஒரு பெண். கூடத்தில் கால் வைக்க இடம் கிடையாது. சோபாவுக்கு அடியில் சக்கரம் கழன்ற கார், குளியலறை வாளியில் சொப்புச் சாமான், தலையணை உறைக்குள் மரக்கட்டைகள். “எடுத்து வைடி, எடுத்து வைடி” என்று கத்தி அம்மாவுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

சட்டாம்பிள்ளை ஒரு தடவைகூட “எடுத்து வை” என்று சொல்லவில்லை. துணி போடும் பிளாஸ்டிக் கூடையைத் தரையில் சாய்த்து வைத்தாள். கார்களைத் தூக்கிப் போட வேண்டாம், ஓட்டிக்கொண்டு போய் உள்ளே நிறுத்தினால் போதும். கட்டைகளைச் சட்டை மடியில் அள்ளி வரலாம். பாதியை அவள் எடுப்பாள், மீதியைப் பிள்ளை எடுக்கும். கடைசியில் ஒரே ஒரு பொம்மை வெளியே இருக்கும். மற்றதெல்லாம் தூங்கும்போது அது காவல். யாரைக் காவல் வைப்பது என்று முடிவு செய்வது பிள்ளை.

“இன்னிக்கு யாரு டூட்டி?”

“யானை.”

“நேத்தும் அவன்தானே?”

“அவனுக்குத் தூக்கமே வராது அத்தை.”

ஒரு காது தொங்கும் துணி யானை அது. அதைக் கூடைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, “உள்ளே போனதெல்லாம் காலையில உள்ளேயே இருக்கும்” என்று சட்டாம்பிள்ளை தினமும் வாக்குக் கொடுப்பாள். பிள்ளை பார்க்கிறவளுக்குக் கைமுதல் சொன்ன சொல்தான். அது போனால் அடுத்த நாள் வியாபாரம் இல்லை.

கொஞ்ச நாளில் பிள்ளை தானாகவே எடுத்து வைக்க ஆரம்பித்தது. அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை சட்டாம்பிள்ளை போனபோது பிள்ளை ஓடி வரவில்லை. யானையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றது. கூடையைக் காணோம்.

“கூடை எங்க பாப்பா?”

“நீதானே எடுத்துட்டுப் போன.”

அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்போடு, “அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க” என்று மாடிப்படிக்குக் கூப்பிட்டாள்.

“நேத்து நாத்தனார் வந்தாங்க. அவங்க பையன் பொம்மை கேட்டான். கூடையில எல்லாம் கட்டி வெச்ச மாதிரி தயாரா இருந்துச்சா, அப்படியே தூக்கிக் கொடுத்துட்டேன். காலையில இவ ஒரே அழுகை. அத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு வாயில வந்துடுச்சு.”

“வாயில வந்ததா, நீங்க வரவழைச்சதா?”

“கோவிச்சுக்காதீங்க. சின்னப் பிள்ளை, ரெண்டு நாள்ல மறந்துடும்.”

“மறக்கும். நான் திருடினதை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் மறக்கும். நீங்களே உள்ள வந்து உண்மையைச் சொல்லிட்டுப் போங்க.”

“சாயங்காலம் சொல்றேன்க்கா. பஸ் போயிடும்.”

சாயங்காலம் தலைவலி. மறுநாள் காலை மறுபடியும் பஸ்.

அடுத்த வாரம் புதுக் கூடையும் புதுப் பொம்மைகளும் வந்தன. பிள்ளை ஒன்றைக்கூட உள்ளே போடவில்லை. “எல்லாரும் டூட்டி” என்று வீடு முழுக்கப் பரப்பி வைத்தது. ஒழுங்காக எடுத்து வைத்ததெல்லாம் போயிற்று, வெளியே கிடந்த யானை மட்டும் தப்பித்தது. நாலு வயதுக் கணக்கு, அதில் பிழை சொல்ல முடியாது.

“என்னக்கா, பழக்கினதெல்லாம் வீணாப் போச்சா?” என்று அந்த அம்மாவே கேட்டாள். கொஞ்சங்கூடக் கூசாமல்.

அன்று சாயங்காலம் சட்டாம்பிள்ளை கிளம்பும்போது பிள்ளை கதவை மறித்துக்கொண்டு நின்றது.

“பையைத் திற.”

அவள் திறந்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, தைல பாட்டில். பிள்ளை கையை விட்டு அடிவரைக்கும் துழாவியது. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, கையிலிருந்த போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இதை என்னிடம் சொன்னபோது எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுக்காகத்தானே அந்த வீட்டை விட்ட? இப்ப ரோஷம் எங்கடி போச்சு?”

“அந்த ஆளு தேடினது திருட்டுப் பொருளை. இது தேடுறது அதோட காரை.”

“உங்கம்மாதான் பொய் சொல்றான்னு போட்டு உடைக்க வேண்டியதுதானே?”

“உடைச்சுட்டு? நான் ஆறு மணிக்கு பஸ் ஏறிடுவேன். அது யார் பக்கத்துல படுத்துத் தூங்கணும்?” பிறகு அவளே சொன்னாள்: “நான் எடுக்கலன்னு ஒரு தடவை சொன்னேன்டி. நம்பல.”

பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். தினமும் சாயங்காலம், கேட்கும் முன்பே பையைத் திறந்து காட்டினாள். அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. காலையில் சட்டாம்பிள்ளை பையைக் கதவோரம் ஆணியில் மாட்டியதும் பிள்ளை வந்து அதற்கு நேர் கீழே யானையை உட்கார வைக்கும், முகத்தைப் பையின் பக்கம் திருப்பி. அம்மா தினமும் அந்த யானையைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குப் போனாள்.