பாஞ்சாலி போட்ட டிக்

பெங்களூர் மர்பி டவுன் பாஞ்சாலிக்கு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. ஒரு தையல் பிசகினாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பார்க்காமல் டிக் போட்டதே இல்லை.

1998இல் மகள் விஜிக்கு மூளையில் கட்டி. முதலில் மாத்திரையால் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகுதான் ஆபரேஷன் என்றார் டாக்டர். வேளாவேளைக்குக் கொடுத்து டிக் போட ஓர் அட்டையும் தந்தார். மாத்திரை போட்டதும் குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டதைப் பாஞ்சாலியால் பார்க்க முடியவில்லை. பாதி வேளை மாத்திரை கொடுக்காமலே டிக் போட்டாள்.

"மருந்து கேக்கலம்மா," என்றார் டாக்டர், அட்டையைப் பார்த்து. பாஞ்சாலி அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சுருங்காத கட்டியை அப்படியே எடுத்தார்கள். விஜி பிழைத்தாள், இடது கண் போனது.

இன்றும் யாராவது கேட்டால் விஜி சொல்கிறாள்: "மருந்துதான் சரியில்ல. எங்கம்மா ஒரு வேளைகூட வுடல."