மேலே போனால் சமையலறை

செருப்பைக் கழற்றி, வரைபடத்தோடு சேர்த்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, முள்ளும் கல்லுமாகக் கிடக்கும் மனையில் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருக்கிறார் மேடம். மனைக்காரர்கள் பளபளக்கும் காலணிகளோடு கீழேயே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "என்னடி, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? சொல்லு," என்று மண்ணிடம் கேட்கிறார். மண்ணை மட்டும்தான் 'டி' போட்டு அழைப்பார். மற்ற எல்லோரும் அவருக்கு 'வீட்டுக்காரரே'தான், சொந்த வீடு இல்லாதவர்கள் உட்பட.

வீடு வடிவமைப்பது தொழில். ஐம்பதைத் தாண்டிவிட்டார், வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. அடக்கத்தை அவரிடம் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். தான் வரைந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, "எவ்ளோ நல்லா வந்திருக்கு பாருங்க!" என்று வழியில் போகிறவரைப் பிடித்துக் காட்டுவார். பிஸ்கட் தின்றுகொண்டேதான் வரைவார். தூள் ஒட்டாத வரைபடம் அவர் அலுவலகத்தில் கிடையாது. கட்டட ஒப்பந்தக்காரர் அவருக்கு வைத்த பெயர் 'செருப்பில்லா மேடம்'. நேரில் சொல்லத்தான் தைரியம் இல்லை.

போன வருடம் அவரைத் தேடி வந்தவர் ஒரு ஒலிப்பதிவாளர். நோயில் பார்வை போய்விட்டது. வாடகை வீட்டில் ஒருமுறை தடுக்கி விழுந்ததிலிருந்து மனைவி அவர் கையை விட்டதேயில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு, எல்லாம் கைப்பிடியில்தான்.

"பெரிய வீடெல்லாம் வேணாம் மேடம். என் வீட்டுல நான் தனியா நடக்கணும். அவ்ளோதான்," என்றார் அவர்.

"மாடி கூடாது, படி கூடாது. சரிவு கண்ணுலயே படக் கூடாது," என்றார் மனைவி. அவர்கள் வாங்கிப்போட்டிருந்ததோ குன்றின் சரிவில் ஒரு மனை. மெஷினை விட்டு வெட்டித் தள்ளினால் ஒரே மட்டமாகிவிடும் என்றார் ஒப்பந்தக்காரர். மேடமும் அரைமனதாகத் தலையாட்டி, தட்டையாக ஒரு வீடு வரைந்தார்.

வரைந்ததை நிஜ அளவில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆளை உள்ளே நடக்கவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அலுவலகத்துக்கு எதிரே வண்டி நிறுத்தும் இடத்தில், குனிந்து நிமிர்ந்து இடுப்பொடியக் கோடு போட்டு முடித்து, "வாங்க வீட்டுக்காரரே, இதுதான் உங்க கூடம்!" என்று பெருமையாகக் கைகாட்டினார்.

"கோடு போட்டிருக்கீங்களா? யாருக்கு?" என்றார் ஒலிப்பதிவாளர்.

மேடம் கையிலிருந்த சாக்பீஸைத் தூர எறிந்தார். மறுகணமே மூவரும் வண்டியில் மனைக்குப் போனார்கள். ஒலிப்பதிவாளரின் காலணிகளை மேடம் தானே கழற்றிவிட்டு அவரைச் சரிவில் நடக்கச் சொன்னார். "இப்ப மேல ஏறுறேன்... இங்க கொஞ்சம் சமமாச்சு... இப்ப இறங்குறேன். ரோடு அந்தப் பக்கம்தானே?" திசை ஒன்றுகூடப் பிசகவில்லை. மனைவி கூடவே ஓடினாலும் கையைப் பிடிக்க ஒலிப்பதிவாளர் இடம் கொடுக்கவில்லை.

தட்டை வீடு அன்றே குப்பைக்கூடைக்குப் போனது. "கண்ணு தெரியாதவருக்குச் சரிவா?" என்று ஒப்பந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மனைவி அழுதார். மேடம் ஒற்றைக்காலில் நின்றார். குன்றை வெட்டாமல், அதன் சாய்விலேயே மெல்ல இறங்கும் ஒரு நீண்ட நடைவழி. அதன் ஓரமாக அறைகள். மேலே போனால் சமையலறை, இறங்கினால் படுக்கையறை, நடுவில் கூடம். ஒவ்வொரு வாசலுக்கும் எதிரே தரை ஓரடி சமமாகும். காலுக்கு அது போதும். படி என்ற பேச்சே இல்லை.

அவர்கள் குடிவந்த வாரம் போய்ப் பார்த்தார். கூடத்தில் அமர்ந்து, தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார். "மேடத்துக்கு நான்தான் டீ போடுவேன்," என்று ஒலிப்பதிவாளர் மேலே போயிருந்தார். சற்று நேரத்தில் நடைவழியில் கோப்பைகள் கிணுகிணுக்கும் சத்தம். தட்டோடு இறங்கி வருகிறார், தனியாக. தரை சமமான இடத்தில் கால் நின்றது. வாசலைப் பார்த்துத் திரும்பியது. மனைவி பதறி எழுந்து கையை நீட்டினார்.

மேடம் பேச்சை நிறுத்தவேயில்லை. அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.