பத்தாவது ஆள்

போன வாரம் வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் ராணுவத்துக்கு ஆள் கணக்கெடுக்கக் குடும்பப் பட்டியலோடு வந்தார். யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் நாலாவது மாடிக்கு ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டில் பதினெட்டு வயது தாண்டிய ஆண்கள் எத்தனை பேர் என்று பர்மியில் கேட்டார். தம்பி மலேசியாவுக்குப் போய்விட்டான், இப்போது நான் மட்டும்தான் என்றேன். யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் என்பதால் கணக்கில் சேராமலே ஆண்களை எண்ணிக்கொண்டிருந்தது ஒரு காலத்தில் என் வேலை.

அப்போது நகர மையத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தேன். வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வந்த வருஷங்கள். நம்புங்கள், யாங்கூனில் அப்படியும் சில வருஷங்கள் இருந்தன. எங்கள் இரண்டாம் மாடிக் கூடத்தை ஓர் இளம் ரப்பி, அதாவது யூத மதகுரு, வாடகைக்கு எடுத்திருந்தார். யூதர்களில் பழைய ஆசாரம் விடாத ஹசிதிய வழிக்காரர். இந்த ஊர் வெயிலில் கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு, சந்தோஷமாக வேறு இருந்தவர். அவர்கள் வேதமான தோராவை வாரம் ஒரு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அந்தப் பகுதியை வாசித்து, அதிலிருந்து வாழ்க்கைக்கு ஒரு பாடம் எடுப்பார். அந்தப் பாடத்தை வெள்ளிக்கிழமையே பர்மியில் தட்டச்சு செய்து கொடுப்பது என் தலையில் விழுந்தது.

பாடம் எடுப்பதில் மனிதர் கில்லாடி. ஒருநாள் மின்சாரம் போய் லிஃப்டுக்குள் முக்கால் மணிநேரம் மாட்டிக்கொண்டோம். ஆத்மா இறங்குவதே மேலே ஏறுவதற்காகத்தான், இந்த வாரப் பகுதியும் அதைத்தான் சொல்கிறது என்று இருட்டுக்குள் விளக்கினார். எங்கள் மெக்கானிக் வந்து மின் கேபிளை மாற்ற வேண்டும் என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டேன். பயன்பட்டது கேபிள்.

ஆனால் பாடத்துக்கு முந்திய சிக்கல் ஒன்று உண்டு. பத்து யூத ஆண்கள் கூடினால்தான் தோராச் சுருளைத் திறந்து வாசிக்கலாம். ஊரில் மிச்சமிருந்த யூதர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மீதியை நான் ஹோட்டல் பதிவேட்டிலிருந்து பிடித்துக் கொடுக்க வேண்டும். பெயரையும் தாடியையும் நம்பி ஒரு ஜெர்மன்காரரை அனுப்பிவைத்தேன். இரண்டு மணிநேரம் பக்தியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, தன் அப்பா லூத்தரன் பாதிரியார் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாராம்.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் கூடாது. பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, தலைக்கு ஒரு சொல்லாகப் பார்க்க வேண்டும். ரப்பி இதைக் கூச்சத்தோடு சொல்லிக் கொடுத்தார். எனக்கு இது புதிதா என்ன? க்யிம்யிண்டைங் சந்தையில் அரிசிக் கடை வைத்திருந்த என் அப்பா, படி அளக்கும்போது ஒன்று என்று சொன்னதே கிடையாது. "லாபம்" என்று ஆரம்பித்து, அப்புறம்தான் ரெண்டு, மூணு.

எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் வருவார்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற, பர்மிய மரியாதைப்படி ஊ ஜோசப், அவருடைய அக்கா ஹன்னா. நம் ஆட்களுக்கு நடுவிலேயே வளர்ந்ததால் தமிழ் சரளம். அவர்கள் அம்மாவின் நினைவுநாள் அந்த வருஷம் ஒரு சனிக்கிழமையில் வந்தது. அன்று மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனைக்கும் பத்து ஆண்கள் வேண்டும். முப்பது வருஷமாக அந்த நாளில் பத்துப் பேர் கூடவில்லை. ஜோசப்புக்கு எழுதி வைத்தால்கூடப் பாதியில் தடுமாறும். ஹன்னாக்காவுக்கு அது மனப்பாடம்.

மழை பிடித்துவிட்டதால் பயணிகள் குறைவு. அறைக் கதவுகளைத் தட்டித் தட்டி, ரப்பியையும் சேர்த்துப் பத்துப் பேரைத் தேற்றினேன். காலையில் பார்த்தால், பத்தாவது ஆள் பாகான் பஸ்ஸுக்குப் போயிருந்தான். வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். 'என்றென்றைக்கும்' என்று பொருள்படும் கடைசிச் சொல்லுக்குத் தலை இல்லை.

அன்றைய பகுதி, பாலைவனத்தில் மக்களை எண்ணிய கதை. போருக்குப் போகக்கூடிய ஆண்களைத்தான் எண்ணினார்கள் என்று தட்டச்சு செய்யும்போதே பார்த்திருந்தேன். ரப்பி அந்த இடத்தை நாசூக்காகத் தாண்டினார். பெரியவரானாலும் ஒன்றுக்கு மேல் இல்லை, எளியவரானாலும் ஒன்றுக்குக் கீழ் இல்லை. அன்பால்தான் இறைவன் எண்ணுகிறான் என்றார். உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். பெண்கள் உட்காரும் திரைக்குப் பின்னாலிருந்து ஹன்னாக்கா என் கையைப் பிடித்தார்.

"எல்லாரும் ஒண்ணுன்னும் சொல்றாரு, இங்க ஒம்பதுன்னும் சொல்றாரே தங்கச்சி. செத்தது எனக்கும் அம்மாதான? கேளு, இங்கிலீசுல கேளு."

கூட்டம் கலையும்போது ரப்பி ஆவலோடு என்னிடம் வந்தார். அந்த அம்மா என்ன சொன்னார்? பாடம் மிக நன்றாக இருந்ததாம் என்றேன். விருந்தாளி மனம் கோணக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். அவர் முகம் மலர்ந்தது. பத்தாவது ஆளுக்காக மதியம்வரை காத்திருந்த ஜோசப், பிரார்த்தனை எழுதிய காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஒரு பொய்க்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

அப்புறம் பயணிகள் நின்றார்கள், ரப்பி ஊர் திரும்பினார், ஹோட்டலைப் பூட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் ஜோசப்பும் போய்ச் சேர்ந்தார். மறுநாள் ஹன்னாக்கா என்னைக் கூப்பிட்டார். வீட்டில் வேறு யாருமில்லை.

"எத்தன பேரு இருக்கோம், எண்ணு பாப்பம்."

வசனம் மறந்துவிட்டது. "லாபம், ரெண்டு" என்றேன்.

"போதும்" என்று எழுந்து நின்று, தம்பிக்கும் அம்மாவுக்குமாகச் சேர்த்து, ஓரிடத்திலும் தடுமாறாமல் அந்தப் பிரார்த்தனையைச் சொல்லி முடித்தார்.

இந்தத் தைப்பொங்கலுக்கு முன்னால் ஹன்னாக்காவும் போய்விட்டார். அவருக்கு அந்தப் பிரார்த்தனையைச் சொல்ல இந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. வார்டு ஆபீஸ்காரர் இறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "லாபம்" என்று சொல்லிப் பார்த்தேன். ரெண்டுக்கு ஆள் இல்லை.