மொட்டை மாடியிலிருந்து வந்த படங்கள்

கருவாடு காயப்போடும் ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக எங்கள் குடியிருப்புச் செயலாளர் கேமரா இரவல் கேட்டு வந்தார். வந்தது எங்கள் வீட்டுக்கு. கருவாடு காயப்போடுகிற ஆள் நான்தான்.

செம்பாக்கம் ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் அடுக்ககம். எங்கள் வீடு கடைசி மாடியில். தலைக்கு மேல் மொட்டை மாடி. பள்ளிக்கூட ஆசிரியைக்கு மே மாத விடுமுறையில் சிலர் சுற்றுலா போவார்கள், சிலர் டியூஷன் எடுப்பார்கள். நான் நெத்திலி காயப்போடுவேன். கடைக் கருவாட்டில் பாதி மணல், மீதி உப்பு. கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அக்கா, மீன் மிஞ்சிப்போன நாளில் நேராக என் வாசலுக்குத்தான் வருவார். “டீச்சர், நெத்திலி நெறைய கீது. வூட்டுக்கு எடுத்துக்கினு போனா பேஜாரு. நீயே வாங்கிக்க” என்பார். நான் வாங்கி, அலசி, உப்பு போட்டு வைத்து, மறுநாள் காலையில் லிஃப்ட் அறைக்குப் பின்னால் பழைய வேட்டியை விரித்துப் பரப்பிவிடுவேன். காக்காய்க்குப் பயந்து மேலே ஒரு கொசுவலை.

செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கிறார். ரத்த அழுத்தம் ஏறியதால் மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்ல, அவர் மீனையே வீட்டை விட்டுத் தள்ளிவைத்துவிட்டார். இந்த வருடம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய அறிவிப்பு வந்தது. மொட்டை மாடியில் கருவாட்டு நாற்றம் வருகிறது, ஆளைக் கண்டுபிடித்ததும் மாடிக்குப் பூட்டு, சாவி செயலாளரிடம் மட்டும். வருடம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு, நான் எனக்கென்று ஆசையாகச் செய்கிற ஒரே காரியம் இந்தக் கருவாடு. அதற்கும் பூட்டா?

அவருடைய சந்தேகம் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் பேச்சிலர் பையன்கள் மீது.

“போன் கேமராவுல ஜூம் பத்தல, டீச்சர். உங்க வீட்டுக்காரர்கிட்ட பெரிய கேமரா இருக்காமே. ஒரு வாரம் குடுத்தீங்கன்னா, அந்தப் பசங்களை ப்ரூஃபோட பிடிச்சிருவேன்” என்றார்.

“பசங்கதான்னு எப்படி சார் சொல்றீங்க?”

“வேற யாரு? உங்களை மாதிரி டீசன்ட் ஃபேமிலி செய்யற வேலையா இது?”

கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுத்து வைத்த பலன். கேக் கொடுக்கிற வீட்டில் கருவாடு இருக்காது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். கேமராவைத் தருவதாகச் சொன்னேன்.

கேமராவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். என் கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். ஞாயிறு காலை, கோயிலுக்குப் போகும் முன்பு, ஏரியில் பறவைகளைப் படம் பிடிப்பார். ஒரு தடவை மெமரி கார்டு கெட்டுப்போய், ஒரு பருவத்துக் கூழைக்கடாக்கள் மொத்தமும் போய்விட்டன. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு ஏதேதோ அமைத்து வைத்தார். எங்கள் வைஃபை எட்டுகிற இடத்துக்குக் கேமரா வந்துவிட்டால், எடுத்த படம் தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். போன கையோடு எங்கள் இருவர் போனிலும் தெரியும். கேமராவில் அழித்தாலும் அங்கே அழியாது. எங்கள் வைஃபை படுக்கையறையில் எட்டாது, மொட்டை மாடியில் மட்டும் அமோகமாக எட்டும்.

கேமராவைக் கொடுக்கும்போது அந்த நல்ல மனிதர் வாயைத் திறந்தார். “சார், இதுல ஒரு விஷயம் இருக்கு. நீங்க போட்டோ எடுத்த உடனே...”

“உடனே சார்ஜ் இறங்கிடும், சார்” என்று நான் முடித்தேன். “அடிக்கடி சார்ஜ் போட்டுக்கோங்க.”

கதவைச் சாத்தியதும் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “தப்பு இல்லையா?” என்றார். என்ன தப்பு? கேமரா எங்களுடையது, வைஃபை எங்களுடையது, கருவாடும் எங்களுடையது.

மறுநாள் காலையிலிருந்து எனக்கு நல்ல பொழுதுபோக்கு. காபியோடு உட்காருவேன், போன் சிணுங்கும். செயலாளரின் கட்டைவிரல் வரும். காக்காய் வரும். கொடியில் காயும் யாரோ ஒருவரின் லுங்கி மூன்று கோணங்களில் வரும். படங்களை வைத்தே அவர் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் எது தெரியும், எது தெரியாது என்பதும் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. வேட்டியைச் சற்று நகர்த்திப் போட்டேன். மறுநாள் அவர் இடத்தை மாற்றினார், நானும் மாற்றினேன். ஒரு நாள் வெறுமனே வற்றல் மிளகாயைப் பரப்பி வைத்தேன். அதை அவர் எத்தனை ஜூம் செய்து எடுத்திருந்தார் தெரியுமா? ஒவ்வொரு மிளகாயின் காம்பையும் எண்ணலாம். நான் சிரித்த சிரிப்பில் காபி புரையேறியது.

ஒரே ஒரு விஷயம்தான் புரியாமல் இருந்தது. கருவாடு குறைந்துகொண்டே வந்தது. கொசுவலை போட்டது போட்டபடி இருக்கும், உள்ளே ஒரு மூலை மட்டும் காலியாக இருக்கும். காக்காயைத் திட்டித் தீர்த்தேன்.

வார இறுதியில் ஒரு காலை, சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. முதல் படத்தில் மாடிக் கதவு திறந்திருந்தது. இரண்டாவதில் நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண்மணி, முதுகு மட்டும். மூன்றாவதில் கொசுவலைக்குள் ஒரு கை, பக்கத்தில் சின்ன எவர்சில்வர் டப்பா. நான்காவதில் முகம்.

செயலாளரின் மனைவி. ஒரு நெத்திலியை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வெயில் முகத்தில் விழுகிறது. அவ்வளவு நிம்மதியான ஒரு முகத்தை நான் அண்மையில் பார்த்ததில்லை.

கடுகு கருகிவிட்டது. செயலாளர் ஏரிக்கு நடக்கப் போயிருக்கிறார் என்று நம்பி அவர் வீட்டு அக்கா மேலே வந்திருக்கிறார். அவரோ மறுபடியும் தொட்டிக்குப் பின்னால் கேமராவோடு. ஐந்தாவது படம் வரவில்லை.

அன்றைக்கே கேமரா திரும்பி வந்தது. செயலாளர் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். “ஒண்ணும் சரியா விழல, டீச்சர். எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன். வெளிச்சம் பத்தல.”

மே மாதம், சென்னை, மொட்டை மாடி, வெளிச்சம் பத்தவில்லையாம். “பரவாயில்ல சார்” என்றேன்.

இனி பூட்டுப் பேச்சு அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. செயலாளர் எழுந்தார். “யாருன்னு தெரியல. யாரா இருந்தா என்ன? பூட்டு போட்டுரலாம். சாவி என்கிட்ட இருக்கட்டும்.” அவருக்கு இப்போது பூட்டு முன்னைவிட அவசரமாகத் தேவைப்பட்டது. மாடியை மூடிவிட்டால் அந்தக் காலைப்பொழுதையும் சேர்த்து மூடிவிடலாம். தலைகள் ஆடத் தொடங்கின. பேச்சிலர் பையன்கள்கூடத் தலையாட்டினார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மடியில் போன் இருந்தது. அந்தப் படத்தைத் திறந்தேன். எழுந்து நின்று இதைக் காட்டினால் பூட்டு அந்த நிமிடமே ரத்து. கையைத் தூக்கப் போனபோது பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அந்த அக்கா உட்கார்ந்திருந்தார், முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி. இத்தனை பேர் நடுவில் இந்த முகத்தையா காட்டுவேன்? போனைக் கவிழ்த்து வைத்தேன். போகட்டும், மாடி போனால் போகட்டும் என்று நினைத்தபோது அழுகை வராத குறை.

அப்போது அந்த அக்கா எழுந்தார்.

“பூட்டு வேணாம். கருவாடு நான்தான் காயப்போடறேன்.”

காயப்போடுவது நான். அவர் என் குற்றத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். செயலாளர், “ஏம்மா, என்ன பேசற? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?” என்றார்.

“டாக்டர் உங்களுக்குத்தாங்க சொன்னாரு. எனக்குச் சொல்லல.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு கார் நிறுத்துமிடமே சிரித்தது. செயலாளர் மெல்ல உட்கார்ந்தார். பூட்டைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை மாடிக்குப் போனால், அக்கா தன் சொந்தத் தட்டோடு வந்து நல்ல வெயில் விழும் இடத்தைப் பிடித்திருந்தார். “எனக்காக ஏன்க்கா பழியை ஏத்துக்கிட்டீங்க?” என்றேன். “உனக்காகன்னு யாரு சொன்னா? எடுத்து எடுத்துத் தின்னேன், எனக்கே வெக்கமாயிருச்சு. அப்புறம் டீச்சர், உன் கருவாட்டுல உப்பு கம்மி” என்றார்.

மனசு கேட்காமல் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவு நல்லா என்னை யாருமே எடுத்ததில்ல. எனக்கு அனுப்பு” என்றார்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அதுதான் அவருடைய முகப்புப் படம். நெத்திலி, மூடிய கண்கள், வெயில், எல்லாம் அப்படியே. குழுவில் ஒருவர் பின் ஒருவராக, ரொம்ப அழகு, எந்த ஸ்டுடியோ, யார் எடுத்தது என்று கேட்டார்கள்.

“எங்க வீட்டுக்காரர்தான்” என்று பதில் போட்டார் அக்கா.