சப் என்றால் கீழே

தென்காசியில் நான் குமாஸ்தாவாக இருந்தது ஒரு சப் ஆபீஸில். என் மேலதிகாரியின் பதவிக்கு முன்னாலும் ஒரு ‘சப்’ உண்டு. ஆபீஸில் அவரைச் சப் ஐயா என்றே சொல்வோம். அந்த இரண்டு எழுத்தை நான் வெறுத்த அளவுக்கு எந்த மனிதரையும் வெறுத்ததில்லை, அவரைத் தவிர.

அறுபதுகளின் தொடக்கம். இலாகா பரீட்சையில் தேறினால் குமாஸ்தா அதிகாரி ஆகலாம். வயது வரம்பில் எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வருஷம்தான். இங்கிலீஷ் தாளில் வார்த்தைகளின் முன்னொட்டுகளைக் கேட்பார்கள் என்பதால், ஆபீஸில் கிடந்த அட்டை போன அகராதியை வீட்டுக்கு எடுத்து வந்து படித்தேன். சப் என்பது லத்தீனாம். கீழே, அடியில் என்று பொருள். சப்மரீன் கடலுக்கு அடியில் போகிறது, சப் இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டருக்குக் கீழே நிற்கிறார். இதற்கு அகராதி வேண்டியதில்லை. அது வேஷம் மாற்றிக்கொண்டு வேறு வார்த்தைகளுக்குள்ளும் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. சப்போர்ட் என்றால் அடியிலிருந்து சுமப்பது. துன்பப்படுவதைச் சொல்லும் சஃபர், அதுவும் கீழே நின்று சுமப்பதுதான். ஜெயிப்பதைச் சொல்லும் சக்சீடுக்குள்ளும் அதே சப். கீழேயிருந்து மேலே போவதாம். அதைப் படித்த அன்று சந்தோஷமாக இருந்தது. லத்தீன்காரன் நம்மையும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அருவிக்கரையில்தான் இருப்போம். திருநெல்வேலியிலிருந்து பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்குவார். வீடு பிடிப்பது, பாலுக்குச் சொல்வது, எண்ணெய் தேய்க்க ஆள் கொண்டுவருவது, அவர் குளித்து முடிக்கும்வரை துண்டும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு நிற்பது எல்லாம் எங்கள் வேலை. எந்த விதியிலும் இது கிடையாது. சாரல் நேரத்தில் லீவு கேட்கக் கூடாது என்றும் விதி கிடையாது. ஆனால் யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் பரீட்சை அந்தப் பத்து நாளுக்குள் வந்தது. நான் கேட்டேன்.

“சாரல்ல லீவா? நல்லா கேக்கீரு வே,” என்றார் சப் ஐயா. “பெரியவருக்குத் துண்டு பிடிக்க ஒம்ம வீட்டுல இருந்தா ஆள் வரும்? அடுத்த வருசம் எழுதிக்கிடும்.”

“அடுத்த வருசம் வயசு தாண்டிரும், ஐயா.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

வீட்டுக்கு வந்து சொன்னேன். “பெரிய ஐயாட்ட நேரா கேட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய?” என்றாள் மனைவி. சப் ஐயாவைத் தாண்டிப் போய்க் கேட்பதா என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அந்தக் கோபத்தை ஆபீஸில் காட்டியிருக்க வேண்டும்.

பரீட்சை நாளன்று பேரருவிக்கு எதிரே நின்றேன். தோளில் துண்டு, கையில் கடிகாரம். திருநெல்வேலியில் கேள்வித்தாள் கொடுக்கும் பத்து மணி ஆனதை அவருடைய கடிகாரத்தில்தான் பார்த்தேன்.

பெரிய அதிகாரி குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டினார். “இன்னைக்கு இலாகா பரீட்சைல்லா? ஒம்ம ஆபீஸ்ல யாரும் எழுதலையா?”

“நான்தான் எழுத வேண்டியது, ஐயா.”

துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா வே. துண்டைப் பாறையில போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்.” பிறகு கடிகாரத்துக்காகக் கையை நீட்டினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே சப் ஐயாவை இத்தனை வருஷமாகத் திட்டிவருகிறேன். ஆனால் சாமி நாலு நாளாக எனக்கு எட்டடி தூரத்தில்தான் குளித்துக்கொண்டிருந்தது. நான் துண்டைத்தான் நீட்டினேன், வாயைத் திறக்கவில்லை. குமாஸ்தாவாகவே ரிட்டயர் ஆனேன்.