வால்வு செட்டுக்கு ஒரு பொட்டு

ராஜபாளையத்து வீட்டில் அப்பா ஆசையாக வைத்திருந்த வால்வு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைக் கடையில் கொடுத்துப் பழுதுபார்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். எடுத்துப்போக அவர் வந்த அன்று கடைசியாக ஒரு பாட்டுப் போட்டோம். பல்பு மாதிரியான கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்து, அதே பழைய குரல் வீட்டை நிறைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ஆயுதபூஜைக்கு அப்பா செய்வதுபோல் உள்ளே சந்தனப் பொட்டு வைக்க ஈர விரலை நீட்டினேன். வாங்க வந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“என்ன அண்ணாச்சி செய்றீக? பிளக்கைப் பிடுங்குனாலும் கண்டன்சர்ல கரண்டு நிக்கும், வடிய நேரமாகும். ஆளையே தூக்கிரும்!”

அப்பா பூஜைக்கு முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கிவிடுவார். ‘செட்டுக்கும் ஒருநாள் லீவு வேணும்ல’ என்பார். நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

இப்போதெல்லாம் எந்த மூடியையும் நான் கழற்றுவதில்லை, பொட்டு வெளியேதான். டிவிக்கும் மிக்ஸிக்கும் முந்தின நாளே லீவு விட்டுவிடுகிறேன்.